படம் எடுப்போரே, சற்று நில்லுங்கள்!

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக விளங்கும் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவள் நான். என் தாத்தா அம்மா மண்டபப் படித்துறையில்தான் நீந்தக் கற்றாராம். அவருக்குச் சம்பளம் வாங்காத ஆசிரியை காவிரி. பாட்டியோ அதே படித்துறையில் கடைசிப் படியைத் தாண்டியதே இல்லை. "பொம்பளைப் பிள்ளைக்கு நீச்சல் எதற்கு?" என்று கேட்ட காலம் அது.

இன்று அந்தக் கேள்வி ஓரளவு ஓய்ந்துவிட்டது. கோடை விடுமுறையில் அண்ணா விளையாட்டரங்க நீச்சல் குளத்துக்குப் பெண்களும் போகிறோம். ஆனால் பழைய கேள்வி போன இடத்தில் புதிய கேள்வி ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. "யாராவது படம் எடுத்துவிட்டால்?"

இந்த அச்சம் வீணானது என்று நான் சொல்லமாட்டேன். வெளியூரில் நடந்த ஒரு போட்டியில் என் தோழி இரண்டாம் இடம் பெற்றாள். பதக்கத்தோடு வீடு திரும்புமுன்பே அவள் படம் ஒன்று கைபேசிகளில் சுற்றத் தொடங்கிவிட்டது. அது அவள் நீந்திய படம் அன்று. தன் முறைக்காகக் காத்து நின்றபோது, அவள் அறியாமல் பின்னாலிருந்து யாரோ எடுத்தது. அதன் கீழே எழுதியிருந்த சொற்களை இந்த மலரில் எழுத முடியாது. அன்றோடு அவள் குளத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். பதக்கம் இன்னும் சுவரில் தொங்குகிறது. அதை அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

தவறு செய்தவன் யாரென்றே தெரியாமல் போய்விட்டான். தண்டனை அடைந்தவள் என் தோழி. இது எந்த ஊர் நியாயம்?

இதைக் கேட்ட பெற்றோர் சிலர், "குளத்துப் பக்கம் கேமராவே கூடாது என்று தடை போடுங்கள்" என்கிறார்கள். அவர்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. காரணங்களைக் கூறுகிறேன், கேளுங்கள்.

முதலாவது, படம் ஓர் ஆசான். நான் நீந்தும்போது என் முழங்கை தாழ்ந்துவிடுகிறது என்று பயிற்சியாளர் ஓராண்டாகச் சொல்லி வந்தார். எனக்கு விளங்கவேயில்லை. அப்பா எடுத்த ஒரே படம் அதை ஒரு நொடியில் விளக்கிவிட்டது.

இரண்டாவது, படம் ஒரு சாட்சி. 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பிரீ ஸ்டைல் போட்டி. கடிகாரம் பிடித்தவர்கள் அமெரிக்காவின் லான்ஸ் லார்சனுக்கே குறைந்த நேரம் காட்டினார்கள். ஆயினும் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர்கள் ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டுக்குத் தங்கத்தை அளித்தார்கள். 2008-இல் பெய்ஜிங்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் வென்றார். செர்பியர்கள் மறுத்தபோது நடுவர்கள் படங்களைப் பார்த்தே முடிவை உறுதி செய்தார்கள். கண் ஏமாறும் இடத்திலும் நன்கு எடுத்த படம் உண்மையைச் சொல்லும்.

மூன்றாவது, படம் ஓர் அழைப்பு. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நம் நாட்டுக்காக நீந்திய ஆரதி சாஹாவுக்கு அப்போது வயது 11. அவரே 1959-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி ஆனார். 2024-இல் பாரீசில் 200 மீட்டர் பிரீ ஸ்டைலில் நீந்திய தினிதி தேசிங்குவுக்கு வயது 14, என்னைவிடச் சிறியவர். அவர் படத்தைச் செய்தித்தாளில் பார்த்த அன்றுதான் என் தங்கை, "அக்கா, நானும் வருகிறேன்" என்றாள். கேமராவைத் தடை செய்திருந்தால் அந்த ஆசை அவளுக்கு எங்கிருந்து வந்திருக்கும்? பையன்களின் படங்கள் மட்டும் அச்சாகும். குளமும் அவர்களுக்கே சொந்தமாகிவிடும்.

அப்படியானால் எப்படித்தான் படம் எடுப்பது? இங்கேதான் ஒரு வியப்பான உண்மை இருக்கிறது.

நீந்துபவரின் முகம் பெரும்பாலும் நீருக்குள்ளேயே இருக்கும். பிரீ ஸ்டைலில் மூச்சு வாங்கத் தலையைத் திருப்பும் கணத்தில்தான் முகம் தெரியும். ஆகவே பக்கவாட்டில், அவர் மூச்சு வாங்கும் பக்கமாக நிற்க வேண்டும். பிரஸ்ட் ஸ்டிரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் தலை முன்நோக்கி எழும்புவதால் குளத்தின் எதிர் முனையில், தாழ உட்கார்ந்து எடுக்க வேண்டும். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே கேமரா திறந்து மூடினால்தான் சிதறும் துளிகள் முத்துகளாய் அந்தரத்தில் நிற்கும். புறப்படும் நேரத்தில் ஃபிளாஷ் அடிக்கவே கூடாது. புறப்பாட்டுக் கருவி ஒலியோடு ஒளியையும் காட்டுவது உண்டு. ஃபிளாஷ் வெளிச்சம் நீச்சல் வீரர்களை ஏமாற்றிவிடும்.

கவனித்தீர்களா? நல்ல படம் கிடைக்கும் இடமெல்லாம் எதிரிலும் பக்கத்திலும் இருக்கிறது. புறப்படும் மேடைக்குப் பின்னால் நிற்பவருக்கு முகமும் கிடைக்காது, முயற்சியும் கிடைக்காது. பின் அவர் எதற்காக அங்கே நிற்கிறார்? நல்ல படத்துக்கு உரிய இடமும் நாகரிகத்துக்கு உரிய இடமும் ஒன்றே. ஆகையால் விதிகள் வகுப்பதால் கலைக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

என் சிற்றறிவுக்கு எட்டிய விதிகள் இவை. படம் எடுக்க விரும்புவோர் நுழைவாயிலில் பெயர் பதிந்து அடையாள அட்டை அணியட்டும். மேடைக்குப் பின்புறமும் உடை மாற்றும் அறைப் பக்கமும் எந்தக் கேமராவும், எந்தக் கைபேசியும் கூடாது. பெற்ற தாயின் கைபேசிக்கும் இதே சட்டம்தான். வெளியிடுமுன் பெற்றோரிடம் மட்டுமன்றி, படத்தில் இருக்கும் பெண்ணிடமும் கேட்க வேண்டும். "வேண்டாம்" என்று அவள் சொன்னால் காரணம் கேட்கக் கூடாது. படத்தோடு பெயர், பள்ளி, பயிற்சி நேரம் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு அந்நியருக்கு வழி காட்டவும் கூடாது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகள் என்றே 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கருதுகிறது. குழந்தைகளின் படத்தை ஆபாசமாக்கிப் பரப்புவது கடும் குற்றம். 1098 என்ற எண்ணை அழைத்தால் உதவி கிடைக்கும். இதை ஒவ்வொரு மாணவியும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். தவறான படம் ஒன்று வெளியானால் மகளைக் குளத்திலிருந்து வெளியேற்றாதீர்கள். குற்றவாளியை வெளியேற்றுங்கள். ஆற்றங்கரை ஊரில் பிறந்த பெண்ணுக்கு நீச்சல் உயிர்காக்கும் வித்தை. மேட்டூரில் அணை திறந்தால் நம் வீட்டு வாசல்வரை வெள்ளச் செய்தி வருகிறது. எங்கோ ஓர் அயோக்கியன் கைபேசியைத் தூக்கினான் என்பதற்காக அந்த வித்தையை நாம் இழக்கலாமா?

அருட்சகோதரியர்க்கும் ஆசிரியைகளுக்கும் ஒரு விண்ணப்பம். இந்த விதிகளை நம் பள்ளி விளையாட்டு விழாவிலேயே தொடங்கி வைப்போம். நம்மைப் பார்த்து மற்றப் பள்ளிகளும் பின்பற்றக்கூடும்.

தோழியரே, நீச்சலுடை நமக்கு வெட்கம் தரும் உடை அன்று. மருத்துவருக்கு வெள்ளை அங்கிபோல், காவலருக்குக் காக்கிபோல் அது நம் உழைப்பின் சீருடை. வெட்கப்பட வேண்டியவை தவறாகப் பார்க்கும் கண்களே.

சென்ற மாதம் என் தோழியிடம் இந்த விதிகளைப் படித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "இதெல்லாம் நடக்குமென்றால் வருகிறேன்" என்றாள். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு இனி நம் எல்லோருடையதும்.

கேட்டு எடுப்போம், காட்டி வெளியிடுவோம். அவள் நீந்தட்டும்!