சாவித்திரியின் முகத்தை இழுக்காதீர்கள்!

பழைய படங்கள் தியேட்டர்களை அடைத்துக்கொள்கின்றன, புதுப் படங்களுக்கு இடமில்லை என்ற புலம்பல் இந்த வாரமும் கேட்டது. 2004இல் வந்த ‘கில்லி’ இருபது ஆண்டு கழித்து, 2024 ஏப்ரலில் மறுபடி வெளியாகி அரங்குகளை நிரப்பிய நாளிலிருந்து இதே பேச்சுதான். ஜனங்களின் ரசனை தேங்கிவிட்டதாம். பார்த்ததையே பார்ப்பது சோம்பேறித்தனமாம். உபதேசம் செய்கிறவர்களுக்கு, பார்த்த படத்தை மறுபடி பார்க்கிறவர் யார், எந்த நேரத்தில் பார்க்கிறார் என்பது தெரியவில்லை.

அவர்கள் ஒருமுறை கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போய் வரட்டும். இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கிற ஆலைகள் நிறைந்த ஊர் அது. ராத்திரி முழுக்க உலையின் முன்னால் நின்றவர், காலையில் பொன்னேரிக்கோ மீஞ்சூருக்கோ மின்சார ரயில் பிடித்து வீடு போய்ச் சேர்கிறார். குளித்து, சாப்பிட்டுப் படுக்கிறதற்கு முன்னால் டி.வி.யைப் போடுகிறார். எதிரே ஏதோ ஒரு பழைய படம், பாதி ஓடிவிட்டது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. முன்கதை அவருக்கு மனப்பாடம். எந்த இடத்தில் நுழைந்தாலும் அது தெரிந்த வீடுதான். புதுப் படம் இரண்டரை மணி நேரத்தை மொத்தமாகக் கேட்கிறது. ஷிஃப்டில் ஓடுகிற குடும்பங்களிடம் அப்படி ஒரு நேரம் கிடையாது. காக்களூர் தொழிற்பேட்டைக்கு டிபன் கட்டி அனுப்புகிற வீட்டிலும் இதே கதைதான். அடுப்படியில் நிற்கிறவர் வசனத்தைக் காதால் கேட்டபடி வேலை செய்கிறார். பிடித்த காட்சி வருகிறபோது மட்டும் கரண்டியோடு கூடத்துக்கு வருகிறார்.

இப்படிப் பார்ப்பதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைக்கக் கூடாது. கதை தெரிந்துவிட்டால் கண்ணுக்கு வேறு வேலை கிடைக்கிறது. ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) நாகேஷ் திகில் கதை சொல்கிற காட்சியை எடுத்துக்கொள்ளலாம். முதல் தடவை பார்ப்பவர் நாகேஷைப் பார்ப்பார். பத்தாவது தடவை பார்ப்பவரின் கண் கதை கேட்கிற டி.எஸ்.பாலையாவின் முகத்தை விட்டு நகராது. அந்தக் காட்சியின் சிரிப்பில் பாதி அந்த முகத்தில்தான் இருக்கிறது.

தொழிற்பேட்டை வாசலில் நின்று நினைக்க வேண்டிய இன்னொரு படம் ‘பாசமலர்’ (1961). பீம்சிங்கின் அந்தப் படத்தை அண்ணன் தங்கை அழுகையாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். அதில் சிவாஜி முதலில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. ஆலை மூடப்பட்டு வேலை போகிறது. தங்கை சாவித்திரி வீட்டில் பொம்மை செய்து சேர்த்த பணம்தான் கைகொடுக்கிறது. அதைக் கொண்டு முன்னேறி, பிறகு அந்த ஆலைக்கே முதலாளி ஆகிறார். ஆனதும், தொழிலாளர் பக்கம் நிற்கிற ஜெமினி கணேசனோடு மோதல். அந்த ஆளைத்தான் தங்கை விரும்புகிறாள். கதவடைப்பு, கோரிக்கை, சங்கம் என்ற வார்த்தைகளோடு வாழ்கிற ஊரில் இந்தப் படத்துக்குத் தனி அர்த்தம் உண்டு. இருபது வயதில் தொழிலாளியாக இதைப் பார்த்தவர், ஐம்பது வயதில் சூப்பர்வைசராகப் பார்க்கும்போது அவருக்கு உறுத்துகிற காட்சிகள் வேறாக இருக்கும். படம் அதேதான், பார்க்கிறவர் மாறியிருக்கிறார்.

அந்தப் ‘பாசமலர்’ இன்றைக்கு வீட்டுக்குள் எப்படி வருகிறது? சாவித்திரியின் முகம் பக்கவாட்டில் இழுக்கப்பட்டு, உப்பிப்போய் வருகிறது.

இப்படி இழுக்கப்படுவதற்கு மூலகாரணம் ஃபிரேமின் அளவுதான். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதற்கு முந்தைய படங்களின் ஃபிரேம் பெரும்பாலும் சதுரத்துக்கு நெருக்கமானது. அகலம் நாலு என்றால் உயரம் மூன்று. இன்றைய டி.வி. திரை பதினாறுக்கு ஒன்பது. நாலுக்கு மூன்றை அதில் இழுத்து நிரப்பினால் ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடிவிடும். அளந்து கட்டிய அரங்கம் சப்பையாகிவிடும். பத்மினியின் ஆட்டத்தில் கை நீண்டு கால் குறுகும். இழுக்காமல் மேலும் கீழும் வெட்டி நிரப்புகிற சேனல்களும் உண்டு. அப்போது படத்தின் கால் பாகம் போயே போய்விடும். நெற்றிப் பொட்டு இல்லை, கால் சலங்கை இல்லை. கல்யாண போட்டோ பிரேமுக்குள் அடங்கவில்லை என்று அப்பாவின் தலையை வெட்டுகிற வீடு எங்காவது உண்டா?

இந்த அநியாயம் புது டி.வி.க்களோடு வந்தது. 2006இல் தமிழக அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய 14 அங்குலப் பெட்டி நினைவிருக்கும். அதன் திரையும் நாலுக்கு மூன்றுதான். சிவாஜியும் எம்.ஜி.ஆரும் அதில் அச்சு அசலாகப் பொருந்தினார்கள். குடிசையில் வைத்த அந்தச் சின்னப் பெட்டி காட்டிய சரியான முகத்தை, மாதத் தவணையில் வாங்கிய 43 அங்குலம் காட்ட மறுக்கிறது. பக்கத்தில் இரண்டு கறுப்புப் பட்டைகள் விட்டால் போதும், கோளாறு தீர்ந்தது. கறுப்புப் பட்டை தெரிந்தால் நேயர் சேனல் மாற்றிவிடுவார் என்ற பயமா? கலைஞர்களின் முகத்தைச் சிதைத்துத்தான் நேயரைப் பிடிக்க வேண்டுமா?

பார்த்ததையே பார்க்கிறவர்களில் இன்னொருவரையும் மறக்கக் கூடாது. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 1972இன் ‘வசந்த மாளிகை’ இலங்கையிலும் கொண்டாடப்பட்ட படம். கடல் தாண்டி வந்த முதியவர் ஒருவருக்கு அந்தப் படம், இளம் வயதில் பார்த்த தியேட்டரையும் கூட வந்தவர்களையும் சேர்த்துக் கொண்டுவரும். அவரிடம் போய் அதே படமா என்று கேட்கிற துணிவு யாருக்கு இருக்கிறது?

பழைய படங்களைச் சிதைத்ததில் டி.வி. மட்டும் குற்றவாளி இல்லை. நம்மிடம் பத்திரமாக இருப்பதே கொஞ்சம். தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’ (1931). அதன் பிரதி கிடைக்கவில்லை. அதற்கும் முன்னால் நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த மௌனப் படம் ‘கீசக வதம்’, அதுவும் போயிற்று. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் புனேயில் தொடங்கப்பட்டது. நெகட்டிவ்களோ சென்னையின் உப்புக்காற்றிலும் புழுக்கத்திலும் கிடந்து புளித்து அழிந்தன. வெள்ளி எடுப்பதற்காகப் பழைய சுருள்களை விற்ற கதையும் நடந்திருக்கிறது.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? ‘பதேர் பாஞ்சாலி’யின் நெகட்டிவ் 1993இல் லண்டன் தீ விபத்தில் கருகியது. கருகியதையும் விடாமல், மிஞ்சியதைச் சேர்த்து, 2015இல் புதுப்பொலிவோடு திரையிட்டார்கள். அரவிந்தனின் மலையாளப் படம் ‘தம்பு’ மீட்கப்பட்டு 2022இல் கான் விழாவுக்குப் போனது. இங்கே ‘கர்ண’னை டிஜிட்டலில் புதுப்பித்து 2012இல் வெளியிட்டபோது, 48 வயதான படம் நூறு நாளைத் தாண்டி ஓடியது. புதுப்பித்துக் கொடுத்தால் பார்க்க ஆள் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

தமிழக அரசு இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். தமிழ்ப் படங்களுக்கென்றே குளிரூட்டிய, முழுமையான காப்பகம் ஒன்றைச் சென்னையில் அமைத்து, தயாரிப்பாளர்களின் வாரிசுகளிடம் எஞ்சியிருக்கிற நெகட்டிவ்களை வாங்கிப் பாதுகாக்க வேண்டும். அங்கே மீட்ட படங்களை மாநகரத்து மல்டிபிளெக்ஸோடு நிறுத்தாமல், திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஷிஃப்ட் நேரம் பார்த்துக் குறைந்த கட்டணத்தில் திரையிட வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிகிறவருக்கு நாலு மணிக் காட்சி வேண்டும். இரவெல்லாம் விழித்தவருக்கு ஞாயிறு மாலைக் காட்சி வேண்டும்.

சேனல் நிர்வாகிகள் எந்தச் சட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டாம். 1973க்கு முந்தைய படங்களை அவற்றின் அளவிலேயே ஒளிபரப்ப இன்றே உத்தரவு போடலாம். அதற்குக் காசு செலவில்லை.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் டி.வி. ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றுகிற வசதி இருக்கும். இழுத்து ஒளிபரப்பாகிற பழைய படம் வந்தால் அதை 4:3இல் வையுங்கள், முகங்கள் சரியாகிவிடும். வெட்டி ஒளிபரப்பினால் ரிமோட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தச் சேனலுக்கு நாலு வரி எழுதுங்கள்.