கண்ணாடிக்குக் கண் எதுக்கு?

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி அதிகம், இந்தப் பக்கம் வரவே முடியல. இன்னிக்கு எப்படியும் எழுதிடணும்னு உட்கார்ந்ததுக்குக் காரணம், போன ஞாயித்துக்கிழமை ஆர்.கே.புரம் மலை மந்திர் வாசல்ல நடந்த ஒரு வாக்குவாதம். சாமி கும்பிட்டுட்டு செருப்பைத் தேடிட்டு இருந்தவனை நண்பர் ஒருத்தர் பிடிச்சுக்கிட்டார். "நீங்க பண்ணின கண்ணாடில கேமரா இல்லையாமே? அம்மாவைத் தனியா விட்டுட்டு ஆபீஸ் போறீங்க, பயமா இல்ல?"

விஷயம் தெரியாதவங்களுக்கு: எங்க மயூர் விஹார் வீட்டு ஹால்ல ஒரு ஸ்மார்ட் கண்ணாடி இருக்கு. பழைய எல்சிடி மானிட்டர், அதுக்கு முன்னாடி ஒரு பக்கம் மட்டும் ஊடுருவித் தெரியுற கண்ணாடி, பின்னாடி ஒரு ராஸ்பெரி பை. மென்பொருள், ஒரு டச்சுக்காரர் 2014-ல ஆரம்பிச்சு வச்ச மேஜிக் மிரர். தமிழ்த் தேதி, நல்ல நேரம், அம்மாவோட மாத்திரை நேரம், கும்பகோணத்துல மழையா வெயிலான்னு எல்லாம் முகத்துக்குப் பக்கத்துலயே தெரியும். அம்மாவுக்காகப் பண்ணினதுதான். தங்கமணி இன்னமும் "வெட்டி வேலை"ன்னுதான் சொல்றாங்க, அது வேற கதை :-)

இதுக்கு சென்சார் எதுக்குன்னா, முதல் காரணம் கரண்ட் பில். என் மானிட்டர் 25 வாட். நாள் பூரா எரிஞ்சா 0.6 யூனிட், மாசத்துக்கு 18 யூனிட். நாம அது முன்னாடி நிக்கிறது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் தேறாது. ஆள் வந்தா எரியணும், போனா அணையணும். அவ்வளவுதான் தேவை.

செங்கோட்டைக்கு எதிர்ல லஜ்பத் ராய் மார்க்கெட்ல பிஐஆர் சென்சார் ஒண்ணு வாங்கினேன், ஹெச்சி எஸ்ஆர் 501. மூணே ஒயர்: 5 வோல்ட், கிரவுண்ட், அவுட்புட். அவுட்புட் 3.3 வோல்ட்தான், ராஸ்பெரி பை பின்ல நேரா குத்தலாம். மனுஷ உடம்புலேருந்து வர்ற வெப்பக் கதிர் நகர்ந்தா அதுக்குத் தெரியும். யாரு, என்ன உடுத்தியிருக்காங்க, அழுதாங்களா சிரிச்சாங்களா, எதுவும் தெரியாது. தெரியக்கூடாதுங்கறதுதான் என் கட்சி.

பண்ண நினைக்கிறவங்களுக்கு நான் பட்ட அவஸ்தையைச் சொல்லிடறேன். முதல்ல சென்சாரைக் கண்ணாடிக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சேன். ஒண்ணும் நடக்கல. அந்த வெப்பக் கதிர் கண்ணாடி வழியா வராது. நம்ம கண்ணுக்குத் தெரியற வெளிச்சம் போகுதேன்னு நம்பினது என் முட்டாள்தனம். மரச் சட்டத்தோட அடியில ஓட்டை போட்டு, அந்த வெள்ளைக் குமிழை வெளிய நீட்டி வைக்கணும். அப்புறம் இது குறுக்க நடந்தா சட்டுனு பிடிக்கும், நேரா எதிர்ல வந்தா லேட்டா முழிக்கும். ஜம்பரை 'எச்' பக்கம் போடுங்க, அப்பத்தான் நீங்க அசையுற வரைக்கும் அணையாது. தில்லி மே மாசத்துல இன்னொரு கூத்து. சுவரும் நம்ம தோலும் ஒரே சூட்டுக்கு வந்துட்டா அதுக்கு ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரியறதில்ல. கூலர் ஓடினா சரியாகிடும்.

இப்போ சண்டைக்கு வரேன்.

மலை மந்திர் நண்பர் மட்டும் இல்ல, யாரைக் கேட்டாலும் "கூட ரெண்டாயிரம் போட்டு ஒரு கேமரா வைங்க, முகத்தை அடையாளம் கண்டுக்கும், போன்லயே அம்மாவைப் பார்க்கலாம்"னுதான் சொல்றாங்க. நானும் யோக்கியன் இல்ல. ஒரு வாரம் வச்சுப் பார்த்தேன். அந்த ஒரு வாரமும் அம்மா அந்தக் கண்ணாடி முன்னாடி தலை வாரல. ஹாலைத் தாண்டும்போதெல்லாம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கிட்டாங்க. மத்தியானம் சோபால கால் நீட்டிப் படுக்கிறவங்க, உள் ரூமுக்குப் போயிட்டாங்க. ஏன்னு கேட்டேன். "ஒண்ணுமில்ல தம்பி, யாரோ வந்து உட்கார்ந்திருக்கற மாதிரியே இருக்கு"ன்னாங்க. அன்னிக்கு ராத்திரியே கழட்டிட்டேன்.

அதோட நான் திருந்திட்டேன்னு நினைக்காதீங்க. சென்சார் எத்தனை மணிக்கு அசைவைப் பார்த்ததுன்னு எழுதி வைக்க நாலு வரி நிரல் போட்டு, ஆபீஸ்ல உட்கார்ந்து அதைப் பார்க்க ஆரம்பிச்சேன். ஒருநாள் 9.40-க்கு அப்புறம் மூணு மணி நேரம் ஒண்ணுமே இல்ல. பதறிப் போய் போன் அடிச்சா, அம்மா ஜன்னலோரம் வெயில்ல உட்கார்ந்து வாரப் பத்திரிகை படிச்சிட்டு இருக்காங்க! அசையாம இருந்தா இந்த சென்சாருக்கு ஆளே இல்ல. அசைஞ்சா மட்டும் நல்லா இருக்காங்கன்னு அர்த்தமா? கீழ விழுந்து புரண்டாலும் அசைவுதானே? அந்த நாலு வரியையும் அழிச்சிட்டேன். கேமரா வேணாம்னு கழட்டினவன், வேற வழியில எட்டிப் பார்த்திருக்கேன், வேறென்ன?

"அப்போ வயசானவங்க விழுந்தா என்ன பண்றது?" நியாயமான கேள்வி, சிரிச்சு மழுப்ப மாட்டேன். அம்மாவுக்கு 74 வயசு. எதிர் வீட்டு பஞ்சாபி அம்மாகிட்ட ஒரு சாவி இருக்கு. பாத்ரூம்ல கைப்பிடி போட்டாச்சு. கழுத்துல மாட்டிக்கிற அவசர பட்டன் ஒண்ணு வாங்கி, வேணுமான்னு அம்மாகிட்ட கேட்டேன், மாட்டிக்கிட்டாங்க. வித்தியாசம் புரியுதா? பட்டனை அவங்க அழுத்தினா நான் ஓடி வரணும். கேமரான்னா நான் நினைச்சப்போ எட்டிப் பார்க்கலாம், அவங்களுக்குத் தெரியவே தெரியாது. உதவி கேட்கிற உரிமை அவங்க கைல இருக்கணும், என் போன்ல இல்ல.

2017-ல சுப்ரீம் கோர்ட்டுல ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க. அது அரசாங்கத்தைப் பார்த்துச் சொன்னது. பெத்தவங்களுக்கு அதைக் கொடுக்கறதுக்கும் கோர்ட் ஆர்டரா வாங்கிட்டு வரணும்?

இது கண்ணாடியோட நிக்கலைங்கறதாலதான் இவ்வளவு நீட்டி முழக்கறேன். நம்மள்ல எத்தனை பேர், ஊர்ல அப்பா அம்மா இருக்கற வீட்டுத் திண்ணைலயும் ஹால்லயும் கேமரா மாட்டிட்டு, இங்க மெட்ரோவுல நின்னுக்கிட்டே பார்க்கிறோம்? வாசல்ல திருடனுக்கு வைக்கிறது சரி. ஹால்ல, அடுப்படில யாருக்கு? பார்த்துட்டோம்ங்கற திருப்தில போன் பண்றதையே நிறுத்தினவங்களை எனக்குத் தெரியும். பார்க்கிறது வேற, விசாரிக்கிறது வேறங்க.

அதனால முடிவாச் சொல்றேன். கண்ணாடி பண்ணுங்க, சென்சாரும் வைங்க. கண்ணாடி எப்போ முழிக்கணும்னு தெரிஞ்சுக்க அது போதும். அம்மா எப்படி இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கணும்னா, மத்தியானம் சாப்பாட்டு வேளைல ஒரு போன் போடுங்க. "சாப்டீங்களா?"ன்னு கேளுங்க. நான் தினம் 1.15-க்குக் கேட்கிறேன். பதிலுக்கு என்னைத் திட்டறாங்க, சந்தோஷமா இருக்கு.

டிஸ்கி: கேமரா கழட்டின மறுநாள் காலைல அம்மா அந்தக் கண்ணாடி முன்னாடி நின்னு தலை வாரிப் பூ வச்சுக்கிட்டாங்க. தங்கமணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.