செத்த காலேஜில் உயிரோடு இருப்பவர்கள்!

எழும்பூர் மியூசியத்துக்குப் பழைய மெட்ராஸ்காரர்கள் வைத்த பேர் "செத்த காலேஜ்". மிருகக்காட்சி சாலைக்கு "உயிர் காலேஜ்". கணக்கு சரிதான். ஆனால் செத்த காலேஜுக்குள்ளே பழங்குடிகளுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. அந்தச் சாமான்களுக்குச் சொந்தக்காரர்கள் செத்துப் போய்விடவில்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர் என்று நம்மோடுதான் இருக்கிறார்கள். 2011 சென்சஸ்படி தமிழ்நாட்டுப் பழங்குடிகள் 7 லட்சத்து 94 ஆயிரத்துச் சொச்சம் பேர்!

அவங்க சாமானை வைக்கும்போது அவங்களை யாராவது கேட்டார்களா?

1885 முதல் 1908 வரை அந்த மியூசியத்துக்குத் தலைவராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர். ஊர் ஊராகப் போய் மண்டையையும் மூக்கையும் அளந்து குறித்தவர். வயநாட்டுக்குப் போனபோது பணியர் பெண்கள் இவரைக் கண்டதும் ஓட்டம் பிடித்தார்களாம். நல்ல ஆளாகப் பார்த்துப் பிடித்து, பஞ்சடைத்து, மெட்ராஸ் மியூசியத்தில் வைத்து விடுவார் என்று பயம்! இதை எழுதி வைத்ததும் அவரேதான். அவருக்கு அது தமாஷ். ஓடின பெண்களுக்குத் தமாஷாகவா இருந்திருக்கும்?

தோடர்களுக்குப் பால்மனைதான் கோயில். உள்ளே புழங்குகிற உரிமை பூசாரிக்கு. பெண்கள் நுழைவதில்லை. அப்படிப்பட்ட இடத்துப் பாத்திரம் ஒன்று மியூசியத்துக்கு வந்தால் அதை எல்லோரும் பார்க்க வைக்கலாமா, கூடாதா? இதை ஆபீசர் முடிவு பண்ண முடியாது. தோடரைத்தான் கேட்க வேண்டும். கோத்தர் பெண் வனைந்த பானைக்குப் பக்கத்தில் "மண்பானை" என்று அட்டை வைத்துவிட்டால் போதுமா? எந்த விசேஷத்துக்கு, எந்த மண்ணில் செய்தது என்று வனைந்தவள்தானே சொல்லணும்!

வெளியூரில் கேட்க ஆரம்பித்து ரொம்ப நாளாச்சு. அமெரிக்காவில் பூர்வகுடிகளின் எலும்பையும் புனிதப் பொருளையும் திருப்பிக் கொடுக்க 1990-லேயே சட்டம் வந்தது. சம்மதம் வாங்காமல் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று 2024 ஜனவரியில் விதியை இறுக்கினார்கள். உடனே நியூயார்க்கின் பெரிய இயற்கை வரலாற்று மியூசியம் இரண்டு பெரிய கூடங்களை இழுத்து மூடியது.

அவ்வளவு தூரம் போவானேன்? போபாலில் மத்திய அரசின் மானவ் சங்கரகாலயா இருக்கிறது. அங்கே திறந்தவெளியில் நிற்கிற பழங்குடி வீடுகளை அந்தந்த இனத்து ஆட்களே வந்து கட்டினார்கள். அதில் தோடர் வீடும் உண்டு. நம்ம ஊட்டிக்காரர்கள் போபாலுக்குப் போய்க் கட்ட முடிந்திருக்கிறது, எழும்பூர் மட்டும் தூரமா?

"அவங்களுக்கு மியூசியம் வேலை என்ன தெரியும்?" என்று சிலர் கேட்பார்கள். நல்லா கேட்டாங்க! 1978-ல் இருளர்கள் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் பாம்பு விஷம் எடுக்கிறார்கள். பாம்பு கடித்தால் போடுகிற ஊசி மருந்து அந்த விஷத்தில்தான் தயாராகிறது. இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இரண்டு பேரும் 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. இவர்களுக்குப் பாம்புக் கூடையைப் பற்றி நாலு வரி சொல்லத் தெரியாதா?

பெரிய கமிட்டி, பெரிய பட்ஜெட் எல்லாம் வேண்டாம் சார். அட்டையில் எழுதுவதை அவர்களைச் சொல்லச் சொல்லி எழுதுங்கள். காட்டக் கூடாது என்கிறதை எடுத்து உள்ளே வையுங்கள். திருப்பிக் கேட்டால் பேசுங்கள். சனி, ஞாயிறு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும்போது விளக்கிச் சொல்ல ஒரு இருளரை உட்கார வையுங்கள். சும்மா இல்லை, நாள் சம்பளம் கொடுத்து! செங்கல்பட்டிலிருந்து எழும்பூருக்கு எலெக்ட்ரிக் ட்ரெயின் ஓடுகிறது. ஒரு சீசன் டிக்கெட் என்ன பிரமாத விலையா?