முயற்குட்டிக்கு முதலில் புல், பின்னரே மரக்கறி

வெலிமடை, ஊவா பரணகம, பண்டாரவளைப் பகுதிகளில் கோவாவும் கரட்டும் அறுவடையாகும் காலத்தில், பாத்தி ஓரங்களிலே கழிவிலைகள் குவிந்து கிடப்பதைக் காண்கின்றோம். வீட்டில் பிள்ளைகள் ஒரு முயற்குட்டியை வளர்ப்பார்களாயின், அவ்விலைகளில் ஒரு கை அள்ளி அதன் பெட்டிக்குள் இடுவது இயல்பே. காசில்லாத தீனி, பிள்ளைக்கும் மகிழ்ச்சி. எனினும், தாயை அண்மையிற் பிரிந்த குட்டிக்கு இத்தீனி நன்மையிலும் பார்க்கத் தீமையே விளைக்கும் என்பது எனது உறுதியான கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திற்கு மரக்கறிப் பாத்திகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். அவ்வீட்டுச் சிறுமி, அன்று காலையிற் கிடைத்த முயற்குட்டிக்குக் கோவா இலையும் வாழைப்பழமும் ஊட்டிக்கொண்டிருந்தாள். “எவ்வளவு ஆசையா திங்குது பாருங்க, சார்” என்றாள். நானும் சிரித்துவிட்டுப் பாத்திகளைப் பற்றிப் பேசித் திரும்பினேன். மறுவாரம் சென்றபோது பெட்டி வெறுமையாயிருந்தது. வயிறு ஊதிக் கழிச்சல் கண்டு மூன்றாம் நாள் குட்டி இறந்துவிட்டதாம். போதனாசிரியனாயிருந்தும் அன்று நான் ஒரு சொல் சொல்லவில்லை. அக்குறையைத் தீர்க்கவே இதனை எழுதுகின்றேன்.

முயற்குட்டி பிறந்து ஏறக்குறைய 3 வாரத்தில் தீனியைக் கொறிக்கத் தொடங்கும். 4 முதல் 6 வாரத்துக்குள் பால் மறக்கும். இக்காலமே ஆபத்தானது. முயலின் குருட்டுக்குடல் மிகப் பெரியது. அங்கு வாழும் நுண்ணுயிர்களே நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. அச்சத்தை முயல் மென்மையான எச்சமாக வெளியிட்டுத் தானே மீண்டும் உண்ணும். இதைக் கண்டு நோயென்று அஞ்ச வேண்டாம். குட்டியின் குடலில் இந்நுண்ணுயிர்கள் இன்னும் நிலைபெறவில்லை. அவ்வேளையில் நீரும் இனிப்பும் மிகுந்த தீனி திடீரென வந்தால், வேண்டாத கிருமிகள் பெருகும், வாயு திரளும். முயலுக்கு வாந்தியெடுக்கவும் இயலாது. ஆதலின் ஒரு நாட் தவறு உயிரையே கொண்டுபோகலாம்.

காட்டு முயல் பச்சிலை தின்று வாழவில்லையா எனச் சிலர் கேட்பர். நம் காட்டு முயல் வேறு இனம். கூட்டில் வளர்ப்பது வேறு இனம். மேலும், தாயுடன் இருந்து சிறுகச் சிறுகப் பச்சை தின்று பழகிய குட்டி அதைத் தாங்கும். பழகாத குட்டியே மாளும். குட்டியை வாங்கும்போது அது என்ன தின்று வந்தது என்று கேட்டறிந்து, முதல் வாரம் அதனையே கொடுத்தல் வேண்டும்.

எப்போதும் கூட்டில் இருக்கவேண்டியது உலர்ந்த புல்லும் சுத்தமான நீருமே. சிறுபோக வெயிலிற் கினிப்புல்லை வெட்டி உலர்த்தி, பூஞ்சணம் பிடிக்காமற் சேமித்தல் எளிது. புல்லே குடலை இயக்கும். ஓயாது வளரும் பற்களையும் தேய்க்கும். நெல்விதைப்போர் வீட்டு வைக்கோல் படுக்கைக்கு நன்று. தவிட்டையும் சோற்றையும் குட்டிக்கு அள்ளி வைத்தல் நன்றன்று.

மரக்கறி இலைக்கு 12 வாரம் நிரம்பும் வரை காத்திருப்பதே பாதுகாப்பானது. முதலிற் கரட் இலை, கொத்தமல்லி போன்றவற்றுள் ஒன்றை மட்டும், இரண்டு விரல் அளவு கொடுங்கள். எச்சம் உருண்டையாகவும் உலர்ந்தும் இருக்கின்றதா என்று நான்கைந்து நாட் பாருங்கள். இளகினால் இலையை நிறுத்திப் புல்லுக்குத் திரும்புக. நன்றாயிருந்தால் அளவைச் சிறிது கூட்டி, அடுத்த இலையைப் பழக்குக. கோவா இலை வாயு தருவது. அதைக் கடைசியில், மிகச் சிறிதாகவே கொடுக்கலாம். கரட் கிழங்கும் பழமும் இனிப்புப் பண்டங்கள். வளர்ந்த முயலுக்குங்கூட வாரம் ஓரிரு முறை, பெருவிரல் நகமளவு வாழைப்பழமோ பப்பாசியோ போதும். உருளைக்கிழங்குச் செடி, தக்காளி இலை, லீக்ஸ், வெங்காயம், வெண்ணெய்ப்பழமும் அதன் இலையும் எக்காலத்தும் ஆகா.

இன்னொன்று. மருந்தடித்த பாத்தியின் இலையையும், களைகொல்லி தெளித்த தேயிலை மலை ஓரத்துப் புல்லையும் முயலுக்குக் கொடுத்தலாகாது. போத்தற் சிட்டையில் உள்ள காத்திருப்பு நாட்கள் கழிந்த பின்னரே அறுத்து, நன்கு கழுவிக் கொடுங்கள். “முயலுக்குத்தானே” என்று இதில் அசட்டை செய்வோர் சிந்திக்க வேண்டும். முயலுக்குக் கொடுக்க அஞ்சும் இலையைச் சந்தைக்கு அனுப்ப நமக்கு என்ன உரிமை உண்டு? அந்த இலையைச் சமைத்து உண்பதும் யாரோ ஒருவர் பிள்ளையே.

குட்டி அரை நாள் தீனி தொடாமல், எச்சமும் இடாமல் குறுகியிருந்தாலும், கழிச்சல் கண்டாலும் நாளை பார்ப்போம் என்று இராது, உடனே அரச மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்க.

நாற்றைப் பிடுங்கியவுடன் உரத்தைக் கொட்டும் கமக்காரர் எவருமிலர். வேர் பிடிக்கும் வரை பொறுத்திருக்கின்றோம். பிள்ளையின் கையிலுள்ள சிறு குட்டிக்கும் அதே பொறுமையைக் காட்டுவோமாக.