சொற்களுக்கும் குடும்பம் உண்டு

சகோதரிகளே, உங்கள் வீட்டில் ஆங்கிலப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மகளோ மகனோ இருந்தால், அவர்களது கொப்பியைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். இந்தப் பக்கம் ஆங்கிலச் சொல், அந்தப் பக்கம் தமிழ்க் கருத்து. நாளொன்றுக்கு இருபது சொற்கள் பாடம். இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் பாதி மறந்து போயிருக்கும். மீதிப் பாதியை வசனத்தில் வைத்து எழுதத் தெரியாது. பிள்ளைக்கு மூளை போதாது என்று ஏசாதீர்கள். சொற்களைத் தனித்தனியே பிய்த்தெடுத்துப் படித்ததால் வந்த வினை இது.

சொல்லை அதன் குடும்பத்தோடு படிக்க வேண்டும். நமக்கு இது புதிய விடயமல்ல. இல்ம், ஆலிம், உலமா, முஅல்லிம், தஃலீம் எல்லாமே ஐன், லாம், மீம் என்ற மூன்று எழுத்துக்களில் பிறந்தவை. ஒன்றின் பொருள் தெரிந்தவருக்கு மற்றதை ஊகிப்பது கஷ்டமில்லை. ஆங்கிலத்தில் பெரும்பாலும் சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒட்டுகள் சேரும். ‘டிஸைட்’ என்றால் தீர்மானி. ‘டிஸிஷன்’ தீர்மானம். ‘டிஸைஸிவ்’ முடிவைத் தீர்மானிக்கக்கூடிய. ‘இன்டிஸைஸிவ்’ தீர்மானம் எடுக்கத் தயங்குகிற. ‘அன்டிஸைடட்’ இன்னும் முடிவு செய்யாத. ஒரு சொல்லைப் படிக்கப் போய் ஐந்து கிடைத்துவிட்டது.

பரீட்சையில் இது எங்கே உதவும் என்று கேட்பீர்கள். 1991 முதல் நடந்து வரும் கேம்பிரிட்ஜ் பரீட்சையொன்று இன்று ‘சீ1 அட்வான்ஸ்ட்’ என அழைக்கப்படுகிறது. அதில் ஒரு பகுதி முழுவதும் இதற்கென்றே உள்ளது. 8 இடைவெளிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அடிச்சொல் தரப்படும். ‘சக்ஸீட்’ என்று தந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். வசனமோ, ஒருவர் மூன்று தடவை கதவைத் திறக்க முயன்றும் முடியவில்லை என்கிறது. அங்கே வரவேண்டியது ‘அன்சக்ஸஸ்ஃபுலி’. அவசரத்தில் ‘சக்ஸஸ்ஃபுல்’ என்று எழுதினால் பொருளும் தலைகீழ், சொல்லின் வகையும் பிழை. எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் புள்ளி இல்லை. ஐ.ஈ.எல்.ரீ.எஸ். பரீட்சையிலும், எழுத்துக்கும் பேச்சுக்கும் புள்ளியிடும் நான்கு அளவுகோல்களில் ஒன்று சொல்வளம்.

எந்தக் குடும்பங்களைப் படிப்பது? மைக்கல் வெஸ்ட் என்பவர் டாக்காவில் ஆசிரியப் பயிற்சிப் பணியில் இருந்தவர். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் வாசிக்கப் படும் பாட்டை நேரில் கண்டவர். மிகவும் பயன்படும் ஏறத்தாழ 2000 சொற்களின் பட்டியலை 1953இல் வெளியிட்டார். 2000ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் அவ்ரில் கொக்ஸ்ஹெட், கல்விசார் நூல்கள், கட்டுரைகளிலுள்ள சுமார் 35 இலட்சம் சொற்களை ஆராய்ந்து, வெஸ்ட்டின் பட்டியலில் இல்லாத 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். அடிக்கடி வருபவை முதலில் வரும்படி பத்துப் பிரிவுகள். முதற் பிரிவில் 60. அந்த அறுபதில் இருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஆனால் வெஸ்ட்டின் 2000 சொற்களே தடுமாறினால் இந்த 570ஐத் தொடவே வேண்டாம். அத்திவாரம் இல்லாமல் மேல்மாடி கட்டுவது நம்மவர்களுக்கு ஒரு வியாதியாகிவிட்டது.

எதிர்மறை ஒட்டுகளில் பிள்ளைகள் குழம்புவார்கள். ‘பொஸிபிள்’ ஏன் ‘இம்பொஸிபிள்’ ஆகிறது, ‘லீகல்’ ஏன் ‘இல்லீகல்’ ஆகிறது? ‘இன்’ என்ற ஒட்டுத்தான் அடுத்த எழுத்துக்கு ஏற்ப நாவுக்கு இலகுவாக மாறிக் கொள்கிறது. ‘அல்’லும் ‘ஷம்ஸ்’ஸும் சேரும்போது ‘அஷ்ஷம்ஸ்’ என்று ஓதுகிறோமே, கிட்டத்தட்ட அதுதான்.

குடும்பம் என்றால் சொல் கேளாத பிள்ளைகளும் இருக்குமல்லவா? ‘ஹார்ட்’ என்பதற்குக் கடினமாக என்று பொருள். ‘ஹார்ட்லி’ என்றால் அநேகமாக இல்லை என்று பொருள். வேலைக்கு விண்ணப்பிக்கும் மகள் ‘ஐ வேர்க் ஹார்ட்லி’ என்று எழுதினால் அந்த விண்ணப்பத்தின் கதி என்ன? ‘இன்வெலியுவபிள்’ என்பது பெறுமதியற்றது அல்ல, விலைமதிக்க முடியாதது. ‘எகொனொமிக்’ பொருளாதாரம் சார்ந்தது, ‘எகொனொமிக்கல்’ சிக்கனமானது. இவற்றைச் சிவப்புப் பேனையால் எழுதி வைக்கட்டும்.

எட்டாம் வகுப்போடு ஆங்கிலத்தை விட்ட தாய்மாரும் இதில் உதவலாம். கொப்பியில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். பெயர், வினை, பெயரடை, வினையடை என நான்கு கட்டங்கள், கீழே தமிழ்க் கருத்து. இரவுச் சாப்பாடு முடிந்ததும் கொப்பியை நீங்கள் வாங்கிக் கொண்டு, “தீர்மானம், இதற்கு என்ன மகள்?” என்று தமிழில் கேளுங்கள். அவள் சொல்லட்டும், வீட்டு விடயம் ஒன்றை வைத்து வசனமும் அமைக்கட்டும். வாரத்துக்கு ஐந்து குடும்பம் போதும். முந்திய வாரத்து ஐந்தையும் திரும்பக் கேட்க மறக்காதீர்கள். எல்லாக் கட்டமும் நிரம்பாது. ‘ஏரியா’ என்ற சொல்லுக்கு வினைச்சொல் கிடையாது. அங்கே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.