இறந்த நாளைச் சொல்லும் ஈக்கள்: நம் வெயிலுக்கு நம் கணக்கு வேண்டும்

செம்பனைத் தோட்டத்தில் ஒரு சடலம் கண்டெடுக்கப்பட்டால் போலீசார் முதலில் கேட்பது, இறந்து எத்தனை நாள் ஆகிறது என்பதுதான். சந்தேகப்படுபவர் அன்று எங்கே இருந்தார் என்ற விசாரணை அதை வைத்தே நடக்கிறது. அந்த நாள் தவறினால் குற்றவாளி தப்பலாம், குற்றமற்றவர் சிக்கலாம்.

இந்தக் கணக்கு எவ்வளவு தவறக்கூடும்? 1977-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், தோண்டிக் கிடந்த பழைய கல்லறை ஒன்றில் சதை கெடாத ஓர் உடல் இருந்தது. இறந்து ஓராண்டுக்குள்தான் இருக்கும் என்றார் மானுடவியல் பேராசிரியர் வில்லியம் பாஸ். ஆனால், அது 1864-இல் உள்நாட்டுப் போரில் மாண்ட வில்லியம் ஷை என்ற படை அதிகாரியின் உடல். பதப்படுத்தி இரும்புப் பெட்டியில் அடக்கம் செய்ததால் அழியாமல் இருந்தது. கணக்கு நூறாண்டுக்கு மேல் பிசகியது.

அந்த அனுபவத்திற்குப் பின், 1981-இல் டென்னசி பல்கலைக்கழகத்தில் பாஸ் ஓர் ஆய்வு நிலத்தைத் தொடங்கினார். அங்கே தானமாக வந்த உடல்களை வெயிலிலும் நிழலிலும், மண்ணுக்கு மேலும் கீழும் வைத்து, நிகழும் மாற்றங்களைப் பதிவு செய்கிறார்கள்.

இறந்த முதல் இரண்டு மூன்று நாளுக்கு உடல் சூடும் விறைப்பும் துப்பு தரும். நம் வெப்பத்தில் உடல் குளிர்வதே மெதுவாகத்தான். அதன்பின் பேசுபவை ஈக்கள். முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாக மாறும் ஒவ்வொரு கட்டத்திற்கும் குறிப்பிட்ட அளவு வெப்பம் சேர வேண்டும். வெயில் கூடினால் நாள் குறையும். ஆகவே புழுவின் வளர்ச்சியையும் அந்த இடத்தின் வெப்பநிலையையும் வைத்து நாளைப் பின்னோக்கி எண்ணுகிறார்கள்.

குளிர்காலம் உள்ள டென்னசியின் கணக்கை அப்படியே இங்கே பயன்படுத்த முடியாது. தங்கள் தட்பவெப்பம் வேறு என்பதால் ஆஸ்திரேலியர்கள் 2016-இல் சிட்னி அருகே தனி ஆய்வு நிலம் அமைத்தார்கள். இங்கும் சிலாங்கூர், தஞ்சோங் சிப்பாட் செம்பனைத் தோட்டத்தில் பன்றியின் உடலை வைத்து நடத்திய ஆய்வு 2007-இல் வெளியானது. எந்த ஈ எப்போது வருகிறது என்பதை அது பதிவு செய்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால், பன்றியின் உடல் மனித உடலாகிவிடாது.

மனித உடலில் ஆய்வு செய்ய வேண்டுமானால் யாராவது தானம் தர வேண்டும். ஈமச்சடங்கைக் கடைசிக் கடமையாக மதிக்கும் நம்மவருக்கு அது எளிதல்ல. அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால், நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் காணாமல் போய்ச் சடலமாகக் கிடைக்கும் நாளில், "எப்போது இறந்தார்?" என்று நாமும் கேட்போம். அதற்குச் சரியான பதில் வேண்டுமானால், உடல் தானம் பற்றி நாம் இப்போதே பேசத் தொடங்க வேண்டும்.