வாடகை மேடையில் சுதந்திரக் குரல்

2025 ஏப்ரல் இறுதியில், லக்னோவிலிருந்து இயங்கும் '4 பிஎம்' என்னும் யூடியூப் சேனல் இந்தியா முழுவதும் முடக்கப்பட்டது. 70 லட்சத்திற்கும் மேற்பட்ட சந்தாதாரர்களைக் கொண்ட சேனல் அது. பஹல்காம் பயங்கரவாதத் தாக்குதலைத் தொடர்ந்து, பாதுகாப்புக் குறைபாடுகள் குறித்து ஒன்றிய அரசிடம் கேள்வி எழுப்பி வந்தது. தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்பவையே தடைக்கான காரணமாகச் சொல்லப்பட்டன. தடை ஆணையின் நகல்கூட ஆசிரியர் சஞ்சய் சர்மாவுக்குத் தரப்படவில்லை. அவர் உச்சநீதிமன்றத்தை அணுகிய பின், தடை விலக்கிக்கொள்ளப்பட்டதாக மே மாதத்தில் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. எந்த நிகழ்ச்சி, எந்தச் சொல் தேசத்திற்கு ஆபத்தாக இருந்தது என்பதை மக்களுக்கு விளக்க வேண்டிய கடமை தனக்கு இருப்பதாக அரசு கருதவில்லை.

இணையவழிச் சுயேச்சைக் காணொளி நிகழ்ச்சிகள் இன்று எந்த நிலத்தில் நிற்கின்றன என்பதை இந்நிகழ்வு வெளிச்சமிட்டுக் காட்டுகிறது. குரல் சுதந்திரமானது, ஆனால் அது ஒலிக்கும் மேடை ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் சொத்து. அந்த மேடையின் விளக்கை அணைக்கும் விசையோ அரசின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

அடைக்கப்பட்ட கதவுகள்

இந்த நிகழ்ச்சிகள் பெருகியதற்கு மலிவான கைபேசியும் இணையமும் மட்டுமே காரணமல்ல. 2014இல் நெட்வொர்க் 18 குழுமம் ரிலையன்ஸ் வசமானது. 2022 இறுதியில் என்டிடிவி அதானி குழுமத்தின் கைக்குச் சென்றது. அந்த மாற்றத்தின்போது பதவி விலகிய ரவீஷ் குமார், யூடியூப் சேனல் வழியாக மக்களிடம் பேசத் தொடங்கினார். பெருமூலதனத்தின் தொலைக்காட்சிகளில் வேலையின்மையும் விலைவாசியும் விவாதப் பொருளாவது அரிதாகிவிட்ட நிலையில், அவற்றைப் பேச விரும்பியோர் வேறு மேடை தேட வேண்டியதாயிற்று.

உழைக்கும் மக்களின் அனுபவமும் இதுவே. 2020 நவம்பரில் சிங்கு, டிக்ரி எல்லைகளில் விவசாயிகள் முகாமிட்டபோது, பெரும் தொலைக்காட்சிகளில் பல அவர்களைக் காலிஸ்தானிகள் என்று தூற்றின. விவசாயிகள் 'கிசான் ஏக்தா மோர்ச்சா' என்ற பெயரில் தங்கள் சொந்தச் சமூக ஊடகப் பக்கங்களைத் தொடங்கினர். போராட்டக் களத்திலிருந்தே நேரலை செய்தனர். அதே ஆண்டு டிசம்பரில் அவர்களது முகநூல் பக்கம் முடக்கப்பட்டது. கடும் எதிர்ப்பு எழுந்ததும் சில மணி நேரத்தில் அது மீண்டும் வந்தது. எல்லையில் திரண்டிருந்த அமைப்பின் பலம் அந்தப் பக்கத்தை மீட்டது. அத்தகைய அமைப்பின் துணையற்ற தனி ஒருவரின் சேனலுக்கு இது வாய்ப்பதில்லை.

உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட் மாவட்டத்தில் 2002இல் 'கபர் லகரியா' ஓர் உள்ளூர் மொழிப் பத்திரிகையாகத் தொடங்கப்பட்டது. தலித் பெண்கள் முன்னின்று நடத்திய அந்தப் பத்திரிகை, பின்னர் அச்சிலிருந்து காணொளிக்கு மாறியது. அவர்களைப் பற்றிய 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆவணப்படம் 2022இல் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. சாலை இல்லாத ஊரையும், காவல் நிலையத்தில் பதியப்படாத பாலியல் வன்முறைப் புகாரையும் கைபேசியில் பதிவு செய்த அந்தப் பெண்களின் உழைப்பு, சுயேச்சைக் காணொளியின் உண்மையான வலிமை எது என்பதைக் காட்டுகிறது. களத்தில் இருப்பதுதான் அந்த வலிமை.

கள உழைப்பும் விளம்பர வருவாயும்

ஆனால் அந்தக் கள உழைப்பையே இன்றைய மேடையின் பொருளாதாரம் தண்டிக்கிறது. யூடியூபின் விளம்பர வருவாயில் பங்கு பெற, ஒரு சேனலுக்கு 1,000 சந்தாதாரர்களும், நீண்ட காணொளிகள் ஓராண்டில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருப்பதும் பொதுவான தகுதியாகக் கேட்கப்படுகின்றன. அதன் பிறகும், நீண்ட காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 சதவீதமே சேனலுக்கு வருகிறது. 45 சதவீதம் நிறுவனத்திற்குப் போகிறது. கேமரா, பயணம், படத்தொகுப்பு, வழக்குச் செலவு ஆகிய அனைத்தும் நிகழ்ச்சி தயாரிப்பவரின் தலையில் விழுகின்றன. உற்பத்திச் செலவையும் ஆபத்தையும் உழைப்பவர் ஏற்க, சந்தையின் உரிமையாளர் தன் பங்கை எடுத்துக்கொள்ளும் இந்த முறை, குத்தகை விவசாயிக்கு நன்கு பழக்கமானதே.

வன்முறை, சர்ச்சைக்குரிய விஷயங்கள் பற்றிய காணொளிகளுக்கு, விளம்பரதாரர்களுக்கு உகந்தவை அல்ல என்று சொல்லி விளம்பரம் குறைக்கப்படலாம். இதனால் சாதி ஆணவக் கொலையையோ மதக் கலவரத்தையோ நேரில் சென்று பதிவு செய்பவரின் வருவாய் சுருங்குகிறது. அறைக்குள் அமர்ந்து உரத்த குரலில் அன்றாட அரசியல் வம்பு பேசுபவருக்குச் செலவும் இல்லை, இழப்பும் இல்லை. பரபரப்பான தலைப்பு, திடுக்கிட வைக்கும் முகப்புப் படம், ஒரு நாளைக்கு மூன்று காணொளி என்ற ஓட்டத்தில் முற்போக்கு எண்ணம் கொண்டோரின் சேனல்களும் சிக்கிக்கொள்கின்றன. கார்ப்பரேட் தொலைக்காட்சியை எதிர்த்துப் பிறந்தவை அதன் கூச்சலையே கற்றுக்கொள்வது வேதனைக்குரியது. தனிமனித ஒழுக்கத்தால் மட்டும் இதைத் திருத்திவிட முடியாது. வருவாயின் ஊற்று மாறாமல் நிகழ்ச்சியின் குணம் மாறாது.

தடியும் தானியமும்

அரசு இரண்டு கைகளாலும் செயல்படுகிறது. ஒரு கையில் தடி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் முடக்கம் செய்யலாம். 2009ஆம் ஆண்டு விதிகள் அந்நடவடிக்கையை ரகசியமாக வைக்க வழி செய்கின்றன. 2021ஆம் ஆண்டு விதிகள் இணையச் செய்தித் தளங்களை அரசின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தன. 2023 நவம்பரில் வெளியிடப்பட்ட ஒளிபரப்புச் சேவைகள் ஒழுங்குமுறை மசோதாவின் வரைவு, இணையத்தில் செய்தி நிகழ்ச்சி நடத்தும் தனிநபர்களையும் வளைக்க முயன்றது. அதனைத் தொடர்ந்து வந்த திருத்த வரைவு, கடும் எதிர்ப்பின் காரணமாக 2024 ஆகஸ்டில் பின்னுக்குத் தள்ளப்பட்டது. ஆனால் அதன் நோக்கம் கைவிடப்படவில்லை. காவல்துறை உள்ளிட்ட அமைப்புகள் நீக்க ஆணைகளை நேரடியாக அனுப்ப 'சஹயோக்' இணையவாயில் இன்று இயங்குகிறது.

2023 அக்டோபர் 3 அதிகாலையில் 'நியூஸ்கிளிக்' செய்தியாளர்களின் வீடுகளில் நடந்த சோதனைகளை நாடு மறந்திருக்காது. மடிக்கணினிகளும் கைபேசிகளும் அள்ளிச் செல்லப்பட்டன. நிறுவன ஆசிரியர் பிரபீர் புர்கயஸ்தா 'உபா' என்னும் கொடுஞ்சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். அந்தக் கைது சட்டப்படி செல்லாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 மே 15இல்தான். ஏழு மாதச் சிறைவாசத்திற்கு யார் பதில் சொல்வது?

மறு கையில் தானியம். 2024 ஆகஸ்டில் உத்தரப் பிரதேச பாஜக அரசு கொண்டுவந்த டிஜிட்டல் ஊடகக் கொள்கை, அரசுத் திட்டங்களைப் பரப்பும் யூடியூப் காணொளிகளுக்கு மாதம் 8 லட்சம் ரூபாய் வரை வழங்க வகை செய்தது. அதே கொள்கை, தேச விரோதம் என்று அரசு கருதும் பதிவுகளுக்கு நடவடிக்கை என்றும் மிரட்டியது. புகழ்ந்தால் பொதுப் பணம், கேள்வி கேட்டால் வழக்கு என்பதே இதன் சாரம்.

இந்த இரண்டு கைகளுக்கும் வெளியே, சிறு நகரங்களின் சேனல்களை உள்ளூர் பணபலம் நேரடியாகவே தாக்குகிறது. சத்தீஸ்கரின் பஸ்தரில் 'பஸ்தர் ஜங்ஷன்' சேனலை நடத்தி வந்த முகேஷ் சந்திரகரின் உடல் 2025 ஜனவரி 3 அன்று கழிவுநீர்த் தொட்டியிலிருந்து மீட்கப்பட்டது. சாலைப் பணியில் நடந்த முறைகேடு பற்றிய செய்தியில் அவருக்குப் பங்கு இருந்தது. சாலை ஒப்பந்ததாரர் உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர். தில்லியில் புகழ்பெற்ற முகம் ஒன்றுக்கு ஆபத்து வந்தால் வழக்கறிஞர்கள் திரளுவர். பீஜப்பூரின் செய்தியாளருக்குக் காப்பீடும் இல்லை, நியமனக் கடிதமும் இல்லை.

செய்ய வேண்டியவை

ஆகவே, சுயேச்சைக் காணொளியைக் காக்கும் பணியை ஒருசில துணிச்சலான முகங்களின் பொறுப்பாக விட்டுவிட முடியாது. முதலாவதாக, முன்னறிவிப்பும் விசாரணையும் இன்றி எந்தச் சேனலும் முடக்கப்படக் கூடாது. ஆணையின் நகல் உரியவருக்குத் தரப்பட வேண்டும். ரகசிய விதி நீக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, எந்த அடிப்படையில் காணொளிகள் பரிந்துரைக்கப்படுகின்றன, எதனால் விளம்பரம் குறைக்கப்படுகிறது என்பதை மேடை நிறுவனங்கள் இந்திய மொழிகளில் வெளிப்படையாக அறிவிக்கச் சட்டம் வேண்டும். மூன்றாவதாக, கள செய்தியாளர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் ஆகியோர் தொழிற்சங்கக் குடையின் கீழ் வர வேண்டும். முற்போக்குச் சேனல்கள் முதலில் தங்கள் ஊழியர்களுக்கு உரிய ஊதியம் வழங்கி முன்மாதிரியாக வேண்டும்.

நான்காவது பணி அரசிடம் கேட்டுப் பெற வேண்டியதல்ல. கேரளத்தில் 2000ஆம் ஆண்டில் ஒளிபரப்பைத் தொடங்கிய கைரளி தொலைக்காட்சி, சாதாரண மக்களின் சிறு பங்குத் தொகைகளைத் திரட்டி உருவானது. செயற்கைக்கோள் ஒளிபரப்புக்கே அது முடிந்ததென்றால், ஒரு மாவட்டக் காணொளிக் குழுவை வாசகர் சந்தாவாலும் கூட்டுறவாலும் நடத்துவது இயலாத காரியமல்ல. நிகழ்ச்சியைப் பரப்பும் பணியையும் அல்காரிதத்தின் தயவில் விட வேண்டியதில்லை. சங்கக் கிளைகள், மாதர், வாலிபர், மாணவர் அமைப்புகள், நூலகங்கள் என ஊர்தோறும் இருக்கும் மனித வலைப்பின்னல் அதற்குப் போதும். ஆலை வாயிலிலும் கிராமச் சாவடியிலும் காணொளியைத் திரையிட்டு விவாதிக்கலாம். சேனல் முடக்கப்பட்டாலும் அழியாதபடி ஒவ்வொரு பதிவின் நகலையும் அமைப்புகள் தம்மிடம் சேமித்து வைக்கலாம்.

டில்லி எல்லையில் விவசாயிகளின் பக்கம் சில மணி நேரத்தில் மீண்டது, அதன் பின்னால் திரண்ட மக்கள் இருந்ததால்தான். அடுத்த முடக்க ஆணை எந்த ஊரின் சேனலுக்கு வந்தாலும், அதைத் தன் இழப்பாகக் கருதும் உழைப்பாளர் திரள் அந்த ஊரில் இருக்க வேண்டும். அதைக் கட்டும் பொறுப்பு ஜனநாயக இயக்கங்களுடையது.